துண்டுக்குள் இரண்டு பல்கலைக்கழகங்கள்

திண்டுக்கல் பேகம்பூரில் வந்து முனீர் வீடு எது என்று கேட்டால், எந்த முனீர் என்று திருப்பிக் கேட்பார்கள். கறிக்கடை முனீர் இருக்கிறார், சைக்கிள் கடை முனீர் இருக்கிறார். துண்டு முனீர் என்று சொன்னால் போதும். வழி சொல்கிறவர் வாயோரம் ஒரு கோணல் சிரிப்பு வரும். தோளில் துண்டு கிடந்தால் கை தானாகப் போய் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பி.காம். படித்த பையன், பூட்டுத் தொழிலாளர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவன், யாரிடமும் உரத்துப் பேசாதவன். அவனுக்கு இந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்று சொல்ல வேண்டுமானால் தோல் நாற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு வழி கிடையாது.

அவனுடைய அத்தா ரஹ்மத்துல்லா ஆட்டுத்தோல் மண்டி வைத்திருந்தார். கீழே மண்டி, மேலே வீடு. சுற்றுப்பக்கத்தில் எந்தக் கோயிலில் கிடா வெட்டினாலும், எந்த வீட்டில் கந்தூரி நடந்தாலும், கறி போன இடம் வேறாக இருக்கலாம், தோல் வந்து விழுந்த இடம் அந்த மண்டிதான். ஈரத் தோல்களை விரித்து உப்பை வாரி இறைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அடுக்கின் அடியிலிருந்து பழுப்பு நீர் கசிந்து தரையின் பள்ளங்களில் தேங்கும். ஈக்கள் அதில் குடும்பம் நடத்தும். அந்த நாற்றம் ஏணிப்படி ஏறி மாடிக்கு வரும், கொடியில் காயும் சட்டைக்குள் நுழையும், சோற்றுத் தட்டில் விருந்தாளி மாதிரி உட்காரும். அம்மா காதர் பீவி சாயங்காலம் தவறாமல் சாம்பிராணி போடுவாள். அதற்கப்புறம் வீடு சாம்பிராணியும் தோலும் சேர்ந்து நாறும்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பிலேயே அவனுக்கென்று ஒரு தனி இடம் ஏற்பட்டுவிட்டது. சன்னலோரம், கடைசிப் பலகை. பையனுக்குக் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும் என்று வாத்தியார் சொன்னார். முனீருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்பது வகுப்புக்கே தெரியும். "ஏலே, தோலு வருதுடா" என்று பையன்கள் வெளிப்படையாகச் சொன்னது அவனுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. வாத்தியாரின் அந்தக் கரிசனம்தான் பல வருஷம் தொண்டையில் நின்றது. கிறிஸ்துராஜ் என்று ஒருவன் மட்டும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குத் தீராத மூக்கடைப்பு.

நாற்றத்தைக்கூடப் பழகிக்கொள்ளலாம். அத்தாவின் கட்டை விரலைத்தான் முனீரால் பழகிக்கொள்ள முடியவில்லை. தோலை மடித்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். அப்புறம் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பொத்தல் பார்ப்பார். "ஒண்ணாம் நம்பரு." "ரெண்டு." "கழிசல்." அந்த விரல் மண்டியோடு நிற்கவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால் படிப்பதற்கு முன்னால் தேய்க்கும். பெருநாளுக்குத் துணி எடுத்தால் தேய்க்கும். மகள் சைதூனைப் பெண் பார்க்க வந்தவரின் ஜிப்பா முனையைக்கூட ஆளுக்குத் தெரியாமல் தேய்த்துப் பார்த்துவிட்டு, அடுப்படிக்கு வந்து, "ரெண்டாம் நம்பரு, ஆனா சாயம் போகாது" என்று சொன்னது அந்த விரல்தான்.

விலை பேசுவது துண்டுக்குள் நடக்கும். வாங்குகிறவரும் விற்கிறவரும் வலது கைகளைக் கோத்துக்கொள்ள, மேலே ஒரு துண்டு விழும். உள்ளே விரல்கள் பேசும். பிடித்த விரல் ஒவ்வொன்றும் ஒரு தொகை, மடக்கினால் பாதி, உள்ளங்கையைச் சுரண்டினால் கட்டாது என்று அர்த்தம். முகங்கள் மழை வருமா என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும் விலை தெரியாது. தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் அந்தப் பேரம் செத்தது. முனீருக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது ஓர் ஆடிக் காற்றில் துண்டு பறந்து கைகள் வெளியே தெரிந்துவிட்டன. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்கள். ஒரு வண்டித் தோல் மூன்று நாள் நாதியில்லாமல் கிடந்து, கடைசியில் வேறு ஆள் வந்து புதிதாகப் பேசி எடுத்துப்போனார். மனிதர்கள் இதை ஒரு மானப் பிரச்சினையாக வைத்திருந்தார்கள். தோலுக்கு மானம் பார்த்தவர்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவன் நன்றாகப் படித்தால் அதற்குக் காரணம் கல்விப் பிரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெளியே போவதற்கு அது ஒன்றுதான் கதவு. 1966 கோடையில் முனீர் பி.யூ.சி.யில் முதல் வகுப்பில் தேறினான். பி.காம். படிக்க இரண்டு ஊர்களுக்கு எழுதிப் போட்டிருந்தான். இரண்டிலும் இடம் கிடைத்தது. மெட்ராஸில் ஒரு கல்லூரி, அது மெட்ராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மதுரையில் ஒரு கல்லூரி. போன வருஷம்வரை அதுவும் மெட்ராஸ் பல்கலைக்கழகம்தான். அந்த வருஷம்தான் மதுரைக்கென்று தனியாகப் பல்கலைக்கழகம் பிறந்திருந்தது. மதுரையில் சேர்ந்தால் பட்டத்தில் மதுரை என்று போடுவார்கள். பாடம் அநேகமாக ஒன்றுதான் என்று முனீர் விசாரித்து வைத்திருந்தான்.

பாடத்தைப் பற்றி மண்டியில் யாரும் கேட்கவில்லை. அத்தா இரண்டு கடிதங்களையும் வாங்கி, முதலில் காகிதத்தைத் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். அன்றைக்குச் சாணார்பட்டியிலிருந்து தோலோடு வந்திருந்த ஆட்டுத் தரகர் உடையப்பனுக்கும் காட்டினார்.

"மதுரையில இருக்கறது இந்தத் தையில தொறந்ததுல்ல" என்றார் உடையப்பன். "அது பச்சைத் தோலு, ராவுத்தரே. இன்னும் உப்பே ஏறல. மெட்ராஸ்னா நூறு வருசத்துப் பதம்."

"பதம் சரி. ஆடு செத்து நூறு வருசம் ஆச்சே" என்றான் உப்புச் சட்டியோடு நின்ற மூக்கையா. அவன் அந்த மண்டியில் உப்புப் போடுகிறவன், வாய்க்கும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறவன்.

"நீ செத்த நேரம் சும்மா இருடா. படிப்புன்னா வெளையாட்டா? சர்ட்டிபிகேட்ல மெட்ராஸ்னு இருந்தா பம்பாய்க்காரன் எந்திரிச்சு நிப்பான். மதுரைன்னு இருந்தா கோயிலுக்கு எந்த வழின்னு கேப்பான்."

"ஒங்க மவன் எங்க படிச்சாரு?"

"அவன் எங்க படிச்சான். ஆடு மேய்க்கிறான்."

"அதான் இம்புட்டு வெவரம் தெரியுது."

அத்தா சிரித்தார். உடையப்பனும் சிரித்தார். மெட்ராஸ் கடிதத்தை வாங்கி அவரும் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். அவர் விரலிலிருந்த ரத்தமோ வெற்றிலைச் சாறோ ஒரு மூலையில் செம்மையாக ஒட்டிக்கொண்டது. படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முனீரை, நீ எதற்குப் போக விரும்புகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. தோலை யாரும் கேட்பதில்லை.

கேட்டிருந்தால் மெட்ராஸ் என்றுதான் சொல்லியிருப்பான். பல்கலைக்கழகத்தின் வயது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. மதுரை நாற்பது மைல். சனிக்கிழமை தோறும் ரயிலேறி இந்த நாற்றத்துக்குள் திரும்ப வேண்டும். மெட்ராஸ் என்றால் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம், அந்தப் பக்கத்தில் கடல், அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாத லட்சக்கணக்கான ஜனம். மூன்று வருஷம் எவனும் தன் பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சக்கூடாது. அவ்வளவுதான் அவன் கேட்டது. அதற்காக ஒரு காரியமும் செய்து வைத்திருந்தான். டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்ததில் ஒரு தகரப் பெட்டியும் மூன்று வெள்ளைச் சட்டைகளும் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோகாமல் நேராகக் கிறிஸ்துராஜ் வீட்டில் வைத்திருந்தான். வீட்டு வாடை படாத சட்டைகள். மெட்ராஸில் முதல் நாள் போட்டுக்கொள்வதற்கு.

ஒரு வாரம் கழித்து அத்தா சாப்பிட்டுக் கை கழுவும்போது சாதாரணமாகச் சொன்னார்: "மெட்ராஸுக்கே போ." முனீர் அன்றைக்கு மலைக்கோட்டை அடிவாரம்வரை காரணமில்லாமல் நடந்துவிட்டு வந்தான்.

அத்தா மெட்ராஸுக்குச் சம்மதித்த காரணத்தைச் சைதூன்தான் சொன்னாள். அக்கா பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். வயிற்றுக்கு மேல் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதற்கு இவ்வளவு பூண்டு என்று கேட்டான்.

"ஞாயித்துக்கெழம பிரியாணி, மாப்ள."

"யாரு மாப்ள?"

"நீதான். பெரியமேட்டு மீரான் ராவுத்தர் வாராருல்ல. ஒம் மார்க்கப் பாத்துக் கைகுடுக்கவா வாராருன்னு நெனச்ச?"

மீரான் ராவுத்தரை அவனுக்குப் பெயரளவில் தெரியும். நெய்க்காரப்பட்டியில் பிறந்து மெட்ராஸ் பெரியமேட்டில் பெருத்தவர். திண்டுக்கல் தோலில் பாதி அவர் கமிஷனில்தான் கப்பலேறியது. அவருக்கு ஒரு பெண், குர்ஷித் பேகம். மீதியைச் சைதூன் பூண்டுத் தோலை ஊதிக்கொண்டே சொன்னாள்: முனீர் அவருடைய குடோனுக்கு மேலே இருக்கும் அறையில் தங்கிப் படிக்க வேண்டும், சாயங்காலங்களில் அவர் கணக்கை எழுத வேண்டும், பட்டம் வாங்கியதும் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட வேண்டும்.

"குடோன்ல என்ன இருக்கும்?" என்று கேட்டான். கேட்கும்போதே தெரியும்.

"ரோசாப்பூவு" என்றாள் சைதூன்.

கடல், லட்சக்கணக்கான ஜனம், வெள்ளைச் சட்டை எல்லாம் போய் ஒரு உப்பு நாற்றமடிக்கும் மாடி அறையில் உட்கார்ந்தன. "ஒமட்டுது அக்கா" என்றான். "துண்டு போட்டு என்னைய விக்கப்போறாரு."

சைதூன் முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்குத் துண்டு போட்டப்ப அத்தா குடுத்தாரு. நான் இந்தச் சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உள்ள வெரலு போறதும் வாறதும், துண்டு துள்ளுறதும். என்னைய எடுத்துக்க எங்க மாமனாருக்குப் பத்தலயாம். ஒனக்கு வாங்குறாக. வாங்குறதுக்கே ஒமட்டுதாக்கும்?"

அவன் சிந்திக் கிடந்த பூண்டுத் தோலைப் பொறுக்கினான்.

"அந்தப் புள்ள குர்ஷித் என்ன படிச்சிருக்குன்னு கேட்டியா?"

"இல்ல."

"பேரு இப்பத்தான் தெரியும்?"

"ஆமா."

"நல்ல பி.காம்." சைதூன் மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மார்க்கப்படி மஹர் கொடுத்துப் பெண்ணை எடுக்க வேண்டியவன் மாப்பிள்ளை. அதை நிக்காஹ் மேடையில் நூற்றியொரு ரூபாய் என்று கணீரென்று வாசிப்பார்கள். அதற்கு முந்திய மாதமே பெண் வீட்டிலிருந்து கைக்கூலி என்கிற வரதட்சணை துண்டுக்குள் கைமாறியிருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை. வாசிக்காததால் அது நடக்கவில்லை என்று பேகம்பூர் முழுக்க நம்பியது. ஐந்து வேளை தொழுகிற மனிதர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மீரான் ராவுத்தர் வந்தார். அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம் அது. அம்மா எங்கெங்கோ சொல்லிவைத்துச் சீரகச் சம்பா வாங்கியிருந்தாள். அவர் முதல் கவளத்தை வாயில் போட்டதும், "அரிசி கொஞ்சம் பழசுங்களோ?" என்றார். பிறகு மூன்று முறை போட்டுக்கொண்டார். எலும்பை உறிஞ்சும் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. உறிஞ்சிய எலும்பைத் தட்டுக்கு வெளியே விரிப்பின் மேல் வரிசையாக வைத்தார். கை கழுவிய பின்னும் அவர் நகக்கண்களில் மஞ்சள் நெய் மினுமினுத்தது.

"தம்பிய வரச்சொல்லுங்க."

முனீர் போய் நின்றான்.

"இருட்டுல நின்னா எப்படிங்க? அந்தச் சன்னல் பக்கம் வெளிச்சத்துல நில்லு தம்பி."

நின்றான். அவர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினார். அந்த நெய் விரல் அவன் உள்ளங்கையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தது. அத்தாவினுடையதைவிடக் கனமான கட்டை விரல். பிறகு சற்றுக் குனிந்து மூச்சை இழுத்தார். "வாடை இருக்குதுங்க. இருக்கட்டும், நம்ம வாடைதான்" என்று சிரித்தார்.

அத்தாவும் சிரித்தார். முனீர் கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையில் துடைத்தான். துடைக்கத் துடைக்க நெய் பரவியது.

"மதுரைலயும் கெடச்சிருக்காமுல்லங்க?" என்று மீரான் ராவுத்தர் அத்தாவிடம் கேட்டார்.

"கெடச்சிருக்கு. புதுசு."

"புதுசுன்னா எனக்கு எதுக்குங்க? நாளைக்குப் பத்திரிகை அடிச்சா மாப்பிள்ளை பேருக்குப் பின்னால பி.காம்., மெட்ராஸ்னு போடணும். என் தொழில்ல நாலு பேரு பாப்பாங்க. சரி, கீழ போய்ப் பேசலாமுங்களா."

கீழே பேசுவது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மாடியில் பெண்கள் இருக்கிறார்கள் என்பது ஒரு சாக்கு. மண்டியில் உப்பு மூட்டைகளின் மேல் கோணியை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். மூக்கையா அடுக்கிய தோல்களுக்குப் பக்கத்தில் நின்றான். வாசலில், ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வேலையோ, உடையப்பனும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். அத்தா தோளிலிருந்த பச்சைக் கோடு போட்ட துண்டை எடுத்தார். கைகள் கோத்துக்கொண்டன. துண்டு விழுந்தது.

முனீரை இரண்டு சோடா வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். வாங்கி வந்து நின்றான்.

"இந்த வருசம் மழ தப்பிரும் போலருக்கு" என்றார் அத்தா.

"பழனிப் பக்கம் தூறுச்சுங்க" என்றார் மீரான் ராவுத்தர். துண்டு துள்ளியது.

சின்ன வயதிலிருந்து பார்த்தவனுக்குத் துண்டின் மடிப்பே பேசும். இப்போது கையைப் பிடித்தார், இப்போது விட்டார், இப்போது அத்தா சுரண்டுகிறார். மீரான் ராவுத்தர் தலையைச் சாய்த்து, "மெட்ராஸ்" என்றார். துணிக்கடியில் அவர் பிடி பெரிதாயிற்று. "மதுரை" என்றார். பிடி சுருங்கியது. அத்தா புரிந்ததற்கு அடையாளமாகக் கண்ணை மூடித் திறந்தார்.

இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று முனீர் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தான். இதோ தெரிந்துவிட்டது. ஒன்றரை விரல்.

அத்தா முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. அது மகனைப் பார்த்துச் சிரித்ததல்ல. குவியலின் நடுவிலிருந்து நல்ல தோல் ஒன்று கைக்கு அகப்பட்டால் வரும் சிரிப்பு. "பொத்தல் ஒண்ணும் இல்ல, பாத்துக்கங்க" என்றார் அவர், மழையைப் பற்றிப் பேசிய அதே குரலில்.

முனீர் சோடா பாட்டில்களைத் தரையில் வைத்தான். இரண்டு எட்டு வைத்துப் போய்த் துண்டின் முனையைப் பிடித்து இழுத்தான்.

மண்டியில் ஈச் சத்தம் மட்டும் கேட்டது. பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க, இரண்டு கைகளும் உரித்த கோழிகள் மாதிரி வெளியே கிடந்தன. மீரான் ராவுத்தரின் கைக்குள் அத்தாவின் மூன்று விரல்கள். நாலாவது விரல் பாதியில் மடங்கியிருந்தது.

"அடேயப்பா, மூணரையா?" என்றான் மூக்கையா. வாயை மூடிக்கொள்ள அவனுக்கு வரவில்லை.

மீரான் ராவுத்தர் பதறவில்லை. கையை விடுவித்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். சோடாவை எடுத்து உடைத்து நிதானமாகக் குடித்தார். "துண்டு போச்சு, பேச்சும் போச்சுங்க" என்று எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி அத்தாவைப் பார்த்துச் சொன்னார்: "சரக்கு நல்ல சரக்குதானுங்க. உப்புத்தான் பத்தல." மாடியில் அம்மா அவர் நெய்க்காரப்பட்டி வீட்டுக்கென்று பிரியாணி நிரப்பி வைத்திருந்த அடுக்குச் சட்டி அவருக்கு நினைவிருந்தது. மூக்கையாவை அனுப்பி அதை வாங்கிக்கொண்டுதான் ஜட்கா வண்டி ஏறினார்.

அத்தா அடிப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் துண்டை எடுத்து உதறி நாலாக மடித்தார். "இந்த மண்டியில மூணு தலமுறையாத் துண்டு போடுறோம். காத்துல வெலகுனது ஒரு தடவ. கையால வெலகுனது இன்னைக்கித்தான்" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வெட்கம் அதிகமிருந்தது. மகனை விற்கப் போனதற்கு வராத வெட்கம், விலை தெரிந்துவிட்டதற்கு வந்தது.

"மெட்ராஸ் இனிக் கெடையாது. மதுரைக்குப் போ. இல்லைன்னா மூக்கையா கையில இருக்கிற உப்புச் சட்டிய வாங்கு."

"மதுரைக்குப் போறேன்" என்றான் முனீர். கடலைப் பார்க்கப்போவதில்லை என்பது அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

மாடியில் சைதூன் சன்னலோரம் நின்றிருந்தாள். "எத்தன வெரலு?" என்றாள்.

"மூணரை."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னையத் தள்ளிவிட அத்தாவுக்கு நாலு ஆச்சு. அப்ப நாந்தாண்டா ஒசத்திச் சரக்கு." சிரிப்பு நின்ற பிறகும் அவள் சன்னலை விட்டு நகரவில்லை. அந்தப் பக்கம் அம்மா விரிப்பிலிருந்த எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

துண்டை இழுத்துவிட்டதால் ஏதோ ஒரு அசிங்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம், ஊர் வெட்கப்படும் என்று முனீர் நாலைந்து நாள் நினைத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது தெரிந்தது. பி.காம். மாப்பிள்ளைக்கு மூன்றரை ஆயிரம் என்பது பேகம்பூர் முழுக்க விலையாக நிலைத்துவிட்டது. அதுவரை துண்டுக்குள் ஆளுக்கு ஒன்றாக இருந்தது, இப்போது தோல் ரேட்டு மாதிரி எல்லோர் வாயிலும் ஒன்றாயிற்று. "தோல் மண்டிக்காரர் மகனுக்கே மூணரைன்னா எம் மகனுக்கு என்ன கொறச்சல்?" என்று ஒருவர் பள்ளிவாசல் தொட்டிக்கு அருகில் நின்று பேசிக்கொண்டிருந்தார். மதுரைப் பட்டம் என்றால் இரண்டு என்றும் அவரே தீர்ப்புச் சொன்னார். மதுரை என்றதும் பிடி சுருங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்த மூக்கையா அதற்குச் சாட்சி. பெண்களைப் பெற்றவர்கள் முனீரைத் தெருவில் பார்த்தால் காறித் துப்பாத குறை. விலையை ஏற்றிவிட்ட பாவி. துண்டு முனீர் என்ற பெயரை முதலில் வைத்தது அவர்கள்தான்.

மீரான் ராவுத்தர் அந்த வருஷம் திண்டுக்கல் தோலை வேறு மண்டியில் எடுத்தார். அத்தா ஈரோட்டுத் தரகர் ஒருவரைப் பிடித்தார். வீட்டில் அவர் முனீரோடு பேசுவதை நிறுத்தவில்லை. பேசுவது மட்டும் மழையைப் பற்றியதாகவே இருந்தது.

மதுரைக்குக் கிளம்பும் நாளன்று முனீர் பெட்டியை எடுக்கக் கிறிஸ்துராஜ் வீட்டுக்குப் போனான். கிறிஸ்துராஜும் அதே கல்லூரிக்குத்தான் வருவதாக இருந்தது. அவன் அம்மா செபஸ்தியம்மாள் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துக் கொடுத்தாள். "பத்தரமா வச்சிருந்தேன் தம்பி, பூனை ஏறக்கூடாதுன்னு மேல கூடைய வச்சு மூடியிருந்தேன்" என்றாள். கூடையில் இருந்தது கருவாடு. இரண்டு மாதம் அதன் அடியில் இருந்த பெட்டியைத் திறந்தபோது மூன்று வெள்ளைச் சட்டைகளும் நெத்திலி நாற்றம் அடித்தன. கிறிஸ்துராஜ் மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், "ஒண்ணும் தெரியலயே" என்றான். முனீர் ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தான். அப்படியே போட்டுக்கொண்டு ரயிலேறினான்.

விடுதியில் முதல் நாள், "எந்த ஊரு?" என்றார்கள். திண்டுக்கல் என்றான். "தோலா, பூட்டா, பிரியாணியா?" என்று ஒரு ராமநாதபுரத்துப் பையன் கேட்டான்.

"பூட்டு" என்றான் முனீர்.

மூன்று வருஷம் அந்தப் பொய்யோடு நன்றாகவே படித்தான். சனிக்கிழமை ரயிலில் வந்து, ஞாயிற்றுக்கிழமை தோலுக்கு நடுவில் இருந்துவிட்டு, திங்கட்கிழமை விடியற்காலையில் விடுதிக் கிணற்றடியில் தோலுரியத் தேய்த்துக் குளித்தான். முடித்ததும் பொய்யை மெய்யாக்கப் பூட்டுத் தொழிலாளர் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தான். இரும்புத் தூளும் எண்ணெயும் நாறும் இடம் அது. அந்த நாற்றத்தை அவன் வலிய மூச்சிழுத்துக்கொண்டான்.

பட்டம் கைக்கு வந்த மாதம் வத்தலக்குண்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் மண்டிக்கு வந்தார். மகள் இருக்கிறாள், பையன் பி.காம். என்று கேள்விப்பட்டேன் என்றார். அத்தா அவரை உப்பு மூட்டையில் உட்காரவைத்துத் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார். அந்த நேரம் முனீர் சைக்கிளில் வந்து இறங்கினான். "துண்டு முனீரு வந்தாச்சு" என்றான் மூக்கையா, யாரையும் பார்க்காமல். வந்தவர் அத்தாவைப் பார்த்தார், முனீரைப் பார்த்தார், நீட்டியிருந்த வலது கையைப் பார்த்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மழ எப்பிடி இந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுச் செத்த நேரத்தில் எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. பேகம்பூர் தனக்கு வைத்த பெயர்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று முனீர் நினைத்தான்.

அன்று சாயங்காலம் அத்தா பட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று வருஷத்தில் மழையைத் தவிர வேறொன்றைப் பற்றி அவர் பேசியது அதுதான். முனீர் உறையிலிருந்து எடுத்து நீட்டினான். மதுரை என்று அச்சடித்திருந்த இடத்தை அத்தா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். தூக்கி அரிக்கேன் வெளிச்சத்தில் பிடித்தார்.

"கெட்டியாத்தான் போட்டிருக்கான்" என்றார்.

அந்த விரலைத் தட்டிவிட வேண்டும் போல் முனீருக்கு இருந்தது. குனிந்து பார்த்தான். காகிதத்தின் மறு ஓரத்தை அவன் இன்னும் விடாமல் பிடித்திருந்தான். அவனுடைய கட்டை விரல் அதை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது.